அமலோற்பவம் அக்கா நடத்திய நூலக நடை

செய்தி வந்தபோது நான் முதுகுளத்தூர் நீதிமன்ற வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பாகப்பிரிவினை வழக்கில் என் கட்சிக்காரரைக் கூப்பிடும் நேரம். சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் எங்கள் 'நூலக நடை' குழுவில் ஒரே ஒரு வரி: "அமலோற்பவம் அக்கா காலையில போயிட்டாங்க." தங்கச்சிமடத்தில் இருக்கும் அவருடைய தம்பி மனைவி அனுப்பியிருந்தார். எதற்கெடுத்தாலும் கும்பிடும் கைகளும் ரோஜாப் பூக்களுமாக நிரம்பிவிடும் குழு அது. அன்று வெகுநேரம் அந்த வரிக்குக் கீழே யாரும் எதுவும் போடவில்லை. அக்காவுக்கு அந்தப் பொம்மைகள் பிடிக்காது என்பது எல்லோருக்கும் ஒரே சமயத்தில் நினைவு வந்திருக்க வேண்டும்.

மறுநாள் அடக்கத்துக்குப் பாம்பனைத் தாண்டிப் போனோம். கோயில் வாசலில் கருப்புக் கோட்டுகள் ஒருபக்கம் நின்றன. ஆனால் கூட்டம் வேறாக இருந்தது. ஒரு பேருந்து நடத்துநர், செவிலியர் பயிற்சிப் பள்ளிப் பெண்கள், கீழக்கரையிலிருந்து ஒரு முஸ்லிம் குடும்பம், புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய புத்தகம் விற்கிறவர், ஏலக்கூடத்து மீன்காரப் பெண்கள். பங்குச் சாமியார் புதியவர். "நீங்கள்லாம் அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். நடத்துநர்தான் பதில் சொன்னார்: "நாங்க அக்காகூட நடந்தவங்க, சாமி."

அவரை அறியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். அமலோற்பவம் அக்கா தங்கச்சிமடத்து மீனவர் வீட்டுப் பெண். சில காலம் ஆசிரியையாக இருந்துவிட்டுச் சட்டம் படித்தவர். ராமநாதபுரத்தில் உரிமையியல் வழக்குகள் நடத்தினார். நானும் அவரும் ஒரே வருடத்தில் கோட்டு மாட்டினோம். வயதில் மூத்தவர் என்பதால் எனக்கு அக்கா. நீதிமன்றத்துக்குள் 'மேடம்', படி இறங்கியதும் 'அக்கா'. அவருக்கு நான் எப்போதும் 'ஏலே'தான். நான் வானம் பார்த்த பூமியில் மிளகாய் போடும் குடும்பத்துப் பிள்ளை. கடலைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும். அதைச் சொல்லிக் கேலி செய்வார். "உங்க ஊருல தண்ணியே இல்ல. எங்க ஊருல குடிக்கத் தண்ணி இல்ல. ரெண்டு பேரும் சொந்தக்காரங்கதாம்லே."

நூலக நடை தொடங்கிய கதை இது. ராமநாதபுரத்தில் ஒரு மூத்த வழக்கறிஞர் மறைந்தபோது, அவர் வீட்டார் அவருடைய சட்ட நூல்களை எல்லாம் எங்கள் சிலரிடம் கொடுத்தார்கள். நாங்கள் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்து, அவற்றை அடுக்கி, 'சட்டப் படிப்பகம்' என்று பலகை மாட்டினோம். தொடக்கத்தில் ஆர்வமாகத்தான் போனோம். பிறகு தீர்ப்புகள் எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. அறைக்குப் பூட்டு ஏறியது. ஒரு நாள் கூடிப் பேசியபோது, புத்தகங்களை எடைக்குப் போட்டுவிட்டு அறையை விட்டுவிடலாம் என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். அக்கா சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் சாவியை மட்டும் கேட்டார்.

"பூட்டிக் கெடக்குற அறையத்தான் காலி பண்ணத் தோணும். நாலு பேரு ஏறி எறங்குற அறைய எவன் காலி பண்ணுவான்? நான் ஆளக் கூட்டிட்டு வாரேன்" என்றார்.

சட்டக் கல்லூரி மாணவர்களைக் கூட்டி வருவார் என்று நினைத்தோம். அடுத்த இரண்டாம் சனிக்கிழமை அவர் பின்னால் மாடியேறி வந்தவர்கள் செவிலியர் பயிற்சிப் பெண்களும், ஒரு நடத்துநரும், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவரும், கூடையை வாசலில் இறக்கிவைத்த இரண்டு மீன்காரப் பெண்களும். எங்களில் சிலர் சிரித்தோம். அக்கா வாசல்படியில் நின்று கையை உயர்த்தினார்.

"செருப்ப இங்கன விடுங்க. பயத்தையும் இங்கனயே விட்டுட்டு உள்ள வாங்க."

உள்ளே நுழைந்ததும் அலமாரிகளைச் சுற்றிக் காட்டினார். எது முதல் பதிப்பு, எது அரிய நூல் என்றெல்லாம் ஒரு சொல்லும் இல்லை. "இங்க இருக்குறது பூராவும் சண்டைங்க. ஒவ்வொரு பக்கமும் எவனோ ஒருத்தன் இன்னொருத்தன்கூடப் போட்ட சண்டை. வரப்புச் சண்டை, கெணத்துச் சண்டை, புருசன் பொண்டாட்டிச் சண்டை. தெருவுல போட்டா மறுநா மறந்துரும். இங்க வந்து போட்டதால அட்டை போட்டு வச்சிருக்கோம். தோத்தவன் பேரும் இதுல இருக்கு, செயிச்சவன் பேரும் இருக்கு." மீன்காரப் பெண்களில் ஒருவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு தொகுதியைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட கையை மூக்கருகே கொண்டுபோய், "கருவாட்டு வாடைக்கு இது தேவலையே" என்றார். அறை முழுக்கச் சிரித்தது.

அதற்குப் பிறகுதான் அவருடைய முக்கியமான வழக்கம். வந்தவர் ஒவ்வொருவரும் சட்டத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேட்டவரையே கூட்டிக்கொண்டு அலமாரிக்குப் போவார். இரண்டு பேருமாகத் தேடுவார்கள். பதில் தனக்குத் தெரிந்திருந்தாலும் சொல்ல மாட்டார். பக்கத்தைப் பிரித்து, அவர் விரலைப் பிடித்து வரியில் வைப்பார். பக்கத்து வீட்டுத் தென்னை எங்கள் ஓட்டின் மேல் சாய்கிறது, நான் மட்டையை வெட்டலாமா என்று தபால்காரர் கேட்டார். வெகுநேரம் தேடிக் கண்டுபிடித்தார்கள். விடையைவிட, தானே கண்டுபிடித்ததுதான் அந்த மனிதருக்குப் பெரிதாக இருந்தது. இறங்கும்போது என்னிடம், "சார், என் பேருக்கே ஒரு தபால் வந்த மாதிரி இருந்துச்சு" என்றார்.

அறையைக் காலி செய்யும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

நடை மெல்ல நீண்டது. படிப்பகத்திலிருந்து மாவட்ட நூலகம், அங்கிருந்து அரண்மனைத் தெருப் பக்கம் ஒரு பழைய வழக்கறிஞர் வீட்டின் முன்னறை, கடைசியில் பழைய புத்தகக் கடை. வெயில் தாழ்ந்த மாதங்களில் வேன் பிடித்துக் கடற்கரைப் பக்கமும் போவோம்: கீழக்கரை, திருப்புல்லாணி, பாலம் தாண்டித் தங்கச்சிமடத்துத் தேவாலயத்தின் பங்கு நூலகம். அக்காவுக்கு அதில் அவ்வளவு பெருமை. புத்தகம் இருக்கிற வீட்டை அவர் பேர் சொல்லித்தான் குறிப்பிடுவார், உறவினர் வீட்டைச் சொல்வதுபோல.

கீழக்கரையில் ஒரு வீட்டில் அரபு எழுத்தில் எழுதப்பட்ட தமிழ் நூல்கள் இருந்தன. வேனில் வந்தவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அந்த வீட்டம்மா ஒரு நூலை மரப்பலகை மேல் விரித்து வைத்தார். எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டு, "நமக்குப் புரியாது" என்று ஒதுங்கினார்கள். "புரியும்மா, கேளுங்க" என்று அவர் வலமிருந்து இடமாக விரலை ஓட்டி வாசிக்கத் தொடங்கினார். பிள்ளைக்கு வயிற்றுவலி வந்தால் எதை இடித்து எதில் குழைத்துக் கொடுப்பது என்ற பகுதி. ஓமம், சுக்கு, தேன் என்று வாசிக்க வாசிக்க ஒவ்வொருவராக முன்னால் வந்தார்கள். ஒரு தங்கச்சிமடத்துப் பெண், "எங்கம்மா குடுக்குறதும் இதேதான்" என்றார். வீட்டம்மா, "அல்லாஹ் எல்லா வயித்தையும் ஒண்ணாத்தானேமா படைச்சிருக்கான்" என்றார். வேனுக்குத் திரும்பும்போது அக்கா என் தோளைத் தட்டினார். "கண்ணுக்குத் தெரியாத பாஷை காதுக்குத் தெரிஞ்சுபோச்சு பாத்தியாலே."

கோபக்காரர்தான். அதை மறைத்து எழுதினால் அவரே ஏற்க மாட்டார். தாமதமாக வந்தவர்களுக்காக ஒரு நிமிடமும் காத்திருக்க மாட்டார். ஒருமுறை காணொளி எடுக்கிறவர் ஒருவர் வந்து, புத்தகங்களைக் கீழே பரப்பி, அவற்றின் நடுவில் அக்காவை உட்காரச் சொன்னார். "நீ முதல்ல ஒன்னப் பரப்பி வச்சு எடு" என்று சொல்லிப் படியிறக்கி விட்டுவிட்டார். நான் பேசுவதும் அவருக்குப் பிடிக்காது. "நீ விளக்கம் சொன்னா வாய்தா வாங்குற மாதிரியே இருக்குலே. சுருக்கமாச் சொல்லு" என்று கூட்டத்துக்கு முன்னாலேயே சொல்வார்.

ஆனால் அவரை முழுதாக நான் கண்டது செல்வராணி வந்த நாளில்தான்.

அன்று தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மகளிர் குழு வந்திருந்தது. ஆளுக்கொரு கேள்வி கேட்டுச் சிரிப்பும் பேச்சுமாக இருந்தார்கள். செல்வராணியின் முறை வந்தது. முப்பது வயதைத் தாண்டிய பெண். அவர் வாய் திறக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் முழங்கையால் இடித்தார்கள். அக்கா எதுவும் சொல்லாமல் நின்றார். நெருக்கவும் இல்லை, அடுத்தவரிடம் போகவும் இல்லை. கடைசியில் செல்வராணி தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"கடலுக்குப் போன ஆளு வரலைன்னா, அவுகளப் பத்தி இதுல என்ன எழுதியிருக்கு?"

அக்கா என்னைப் பார்த்து, "இவங்கள எல்லாம் புத்தகக் கடைக்குக் கூட்டிட்டுப் போ. நாங்க பின்னாடி வாரோம்" என்றார். அவர்கள் இருவரும் அன்று கடைக்கு வரவேயில்லை.

செல்வராணியின் கணவர் பெயர் அந்தோணி. தன் வள்ளத்தைப் பழுது பார்க்கக் கரையில் ஏற்றிவிட்டு, அன்று ஒரு நாள் மட்டும் வேறொருவர் வள்ளத்தில் போனவர். காற்று மாறி வள்ளம் கவிழ்ந்தது. மற்றவர்கள் கரை சேர்ந்தார்கள். அந்தோணி சேரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. ஏழு வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அவருடைய வள்ளம் கரையில் வெயிலில் வெடித்துக் கிடந்தது. அது அவர் பெயரில் இருந்ததால் செல்வராணியால் அதை விற்கவோ பெயர் மாற்றவோ முடியவில்லை. எந்த உதவிக்குப் போனாலும் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். நீதிமன்றத்தில் அறிவிப்புப் பெறலாம். ஆனால் அந்தோணியின் தாய் சூசையம்மாள் அதற்கு ஒப்பவில்லை. மகனை அக்கரையில், இலங்கைப் பக்கம், யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அவர் நம்பினார். "எம்புள்ளயச் சாகடிக்கவா கோர்ட்டுக்குப் போறா?" என்று மருமகளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது.

இத்தகைய வழக்கில் தாயின் சாட்சியம் இல்லாமல் கரை சேருவது கடினம். அழைப்பாணை அனுப்பி வரவழைக்கலாம் என்றேன். அக்கா என்னை முறைத்தார். அடுத்த நடைக்குச் சூசையம்மாளையே கூட்டி வந்தார். என்ன சொல்லிக் கூட்டி வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த அம்மா அறைக்குள் வந்ததும் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டு, கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். மருமகள் இருந்த பக்கம் திரும்பவில்லை. அக்கா சாட்சியச் சட்ட நூலை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, செல்வராணியிடம் கொடுத்தார். தமிழில் இருந்த பகுதி அது.

"சத்தமா வாசி."

செல்வராணி தட்டுத் தடுமாறி வாசித்தார். ஒருவர் உயிரோடு இருந்தால் அவரைப் பற்றி யாருக்கு இயல்பாகச் சேதி வந்திருக்குமோ, அவர்களுக்கு ஏழு ஆண்டுகளாக ஒரு சேதியும் வரவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்கிறவருடையது. இதுதான் அதன் பொருள்.

சூசையம்மாளின் கை நின்றது. "இதுல செத்துட்டான்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதல பெரியம்மா" என்றார் அக்கா. அவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார். "செத்துட்டான்னு இந்த வரியில இல்ல. இருக்கான்னு சொல்றவங்க வந்து காட்டுங்க, அதுவரைக்கும் இந்தப் பொண்ண நிறுத்தி வைக்காதீகன்னுதான் சொல்லுது. நாளைக்கு அந்தோணி வந்து நின்னா எந்தக் கோர்ட்டும் அவன உள்ள வராதன்னு சொல்லாது."

அந்த அம்மா ஜெபமாலையை மடியில் வைத்தார். பிறகு மருமகளைப் பார்த்து, "இன்னொரு தடவ வாசி" என்றார்.

வழக்கை நான் நடத்தினேன். அக்காதான் அப்படிச் சொன்னார். "நீ கேள்வி கேளு. எனக்கு அந்தம்மா பக்கத்துல உக்காரணும்." கோட்டைக் கழற்றிவிட்டுச் சேலையோடு வந்து, நீதிமன்ற பெஞ்சில் சூசையம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாட்சிக் கூண்டில் ஏறிய அந்த அம்மாவிடம் பெண் நீதிபதி மெதுவாகக் கேட்டார், உங்கள் மகன் இருக்கிறாரா என்று. இருக்கிறான் என்று ஒரு சொல் வந்தால் எல்லாம் போயிற்று.

"எனக்கு ஒரு சேதியும் வரல தாயி. கோவிச்சுக்கிட்டுப் போனாக்கூட எனக்குச் சொல்லிட்டுத்தான் போவான். அவன் எங்கன இருந்தாலும் மொதச் சேதி எனக்குத்தான் வந்திருக்கும்."

நீதிபதி பேனாவை எடுத்தார். சட்டத்தின் வாசகமும் அந்தத் தாயின் சொல்லும் ஒன்றாக நின்ற இடம் அது. நான் அதற்கு மேல் கேள்வி எதுவும் கேட்கவில்லை. தீர்ப்பு சாதகமாக வந்தது. வள்ளத்தைச் செல்வராணி விற்கவில்லை. பழுது பார்த்துத் தன் தம்பியைக் கொண்டு கடலில் இறக்கினார். இறக்கிய அன்று சூசையம்மாள்தான் வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் தீர்த்தம் தெளித்தார். அக்காவும் நானும் போயிருந்தோம். திரும்பும் வழியில் பாலத்தின் மேல் வந்தபோது அக்கா கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில், "என்னலே பாக்குற, ரோட்டப் பாரு" என்றார்.

புதிய சட்டங்கள் வந்த சமயத்தில், நடைக்கு வந்த ஓர் இளைஞர் கேட்டார்: "மேடம், பேரும் மாறிருச்சு, பிரிவு எண்ணும் மாறிருச்சு. இந்தப் பழைய புத்தகமெல்லாம் இனி எதுக்கு?" அக்கா அவரை அலமாரிக்குக் கூட்டிப்போய்ப் பழைய வரியையும் புதிய வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கச் சொன்னார். "நம்பரு மாறியிருக்கு. கடலுக்குப் போறவனும் மாறல, கரையில நிக்கிறவளும் மாறல" என்றார்.

நோய் வந்து படியேற முடியாமல் போனபோதும் அவர் நடையை விடவில்லை. கீழே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னை மேலே அனுப்புவார். நான் பேசுவது ஜன்னல் வழியாகக் கீழே கேட்கும். "ஏலே, நீட்டாத! அவுகளக் கேக்க விடு!" என்று தெருவிலிருந்து சத்தம் வரும். கூட்டம் சிரிக்கும். பிறகு தெருவுக்கும் வர முடியவில்லை.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தேன். பேச்சு மெலிந்திருந்தது. உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இந்தத் தடவ என்ன கேட்டாக?"

"ஒரு ஆட்டோக்காரர் வந்தாருக்கா. வீட்டுல பச்சைக்கிளி வளக்கலாமான்னு கேட்டாரு."

கண்ணில் சிரிப்பு வந்தது. "என்ன சொன்ன?"

"நான் சொல்லல. அவரையே தேட விட்டேன். வளக்கக் கூடாதுன்னு அவரே கண்டுபிடிச்சுட்டாரு."

"கிளிய விட்டானா?"

"தெரியல."

"கேட்டுட்டு வந்து சொல்லு" என்றார்.

கேட்டுத் தெரிந்துகொண்டேன். கூண்டைத் திறந்து வைத்தாராம். இரண்டு நாள் கூரையிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுப் போய்விட்டதாம். அதைச் சொல்லத் திங்கட்கிழமை போகலாம் என்று இருந்தேன். அன்றைக்கே முதுகுளத்தூர் வழக்கு வந்துவிட்டது. அந்த வராந்தாவில்தான் செய்தி கிடைத்தது.

அக்காவின் சொந்த நூல்கள் பங்கு நூலகத்துக்குப் போய்விட்டன. படிப்பகத்தின் சாவி இப்போது மூன்று பேரிடம் இருக்கிறது. நடத்துநரும் அதில் ஒருவர். நடை நிற்காது. எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, கேள்வி கேட்டுவிட்டு அவர் காத்திருந்த விதம். வாய் திறக்காத மனிதர்முன் அவர் அப்படி நின்றது எனக்கு எளிதில் வரக்கூடியது அல்ல. நான் நீட்டிப் பேசுகிறவன். ஆனாலும் பழகிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் மாரியூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அண்ணன் தம்பி நிலத் தகராறு. பத்திரம், பட்டா, வரைபடம் எல்லாவற்றையும் மேசையில் அடுக்கினார். வழக்கமாக நான் தாள்களைப் புரட்டத் தொடங்கிவிடுவேன். அன்று தொடவில்லை. "என்ன வேணும்னு சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மடியில் வைத்தார், மறுபடி தோளில் போட்டார்.

"நெலம் கெடக்கட்டும் சார்" என்றார் கடைசியில். "எங்கண்ணன் எங்கூடப் பேசணும். அதுக்கு ஏதாச்சும் வழி இருக்கா?"

அண்ணனுடைய கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கினேன்.